கேற்றடி வரைக்கும் கார்

செத்தவீட்டுக்குக் கார் தேவையில்லை என்பது மாமியின் சட்டம். செத்தவீட்டில் எல்லோரும் உள்ளே பிரேதத்தைச் சுற்றியிருந்து அழுதுகொண்டிருப்பார்கள். வாசலில் யார் எதில் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்க ஆள் இராது. ஆள் இல்லாத வாசலில் காரில் போய் இறங்குவது காசைக் கடலில் கொட்டுகிற வேலை. ஆஸ்பத்திரிக்கும் பஸ் போதும். நோயாளி படுத்திருப்பார், அவருக்கு ஜன்னல் எட்டாது. கலியாணவீடு, புதுவீடு குடிபூரல், பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால்தான் கார். அதிலும் அந்த வீட்டுக்கு முன்விறாந்தை இருக்கவேண்டும், விறாந்தை றோட்டைப் பார்த்தபடி இருக்கவேண்டும். மாடிவீட்டுச் சொந்தக்காரர்களை மாமி ஆயுளில் காரில் போய்ப் பார்த்ததில்லை. படியேறி வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறவள் எதில் வந்தாள் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது?

இவையெல்லாம் கொழும்புக்கு மட்டுமான சட்டங்கள். திருகோணமலையில் மாமி எங்கேயும் நடந்துதான் போவார். உட்துறைமுக வீதியிலிருந்து மார்க்கற்றுக்கும் நடை, கோயிலுக்கும் நடை, உவர்மலைச் சொந்தங்களிடம் போவதற்கும் குடை பிடித்துக்கொண்டு நடை.

"இஞ்ச எல்லாருக்கும் எங்களைத் தெரியும். தெரிஞ்ச சனத்துக்கு முன்னால கார் என்னத்துக்கு?" என்பார்.

மாமி என் அப்பாவின் அக்கா. மாமா வெள்ளைக்காரன் காலத்தில் நேவி யாட்டில் களஞ்சியக் கிளாக்காக இருந்தவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபின் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவரைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த வேலையில் கிடைத்த ஒரே நன்மை ரயில் வாறண்ட். வருடத்தில் சில தடவை குடும்பத்தோடு இலவசமாக ரயிலேறலாம். ஆகவே கொழும்புப் பயணம் என்றால் மாமிக்கு யோசிக்க மிஞ்சியிருந்தது ஒரே ஒரு விஷயம்தான், அதை ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடுவார். மாமா சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருப்பார்.

"வெள்ளவத்தை வீட்டுக்குக் கார் பிடிக்கிறதோ, விடுறதோ?"

"உன்ட விருப்பம்."

"அவையள் இப்ப விறாந்தைக்குக் கம்பி அடிச்சிருக்கினம். கம்பிக்குள்ளால றோட்டு வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்போல."

"போலயோ? நீங்கள் அதில இருந்தனீங்கள்தானே!"

"நான் றோட்டைப் பாக்கேல்ல. தேத்தண்ணி குடிச்சனான்."

இதற்குமேல் மாமாவிடம் எதுவும் கறக்க முடியாது. மாமி பெருமூச்சு விட்டுவிட்டு, இந்த மனிசனோடு தான் பட்ட பாட்டை என்னிடம் சொல்லத் தொடங்குவார்.

கொழும்பு பெரிய ஊர். சொந்தக்காரர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருப்பார், இன்னொருவர் வெள்ளவத்தையில், மூன்றாமவர் தெஹிவளைக்கும் அங்காலே. ஒரு நாளைக்குள் எல்லோரையும் பார்க்கவேண்டுமென்றால் பாதிப் பொழுது பஸ்ஸில் போய்விடும், ஒரு காரை நாள் வாடகைக்கு எடுத்தால் சுகம் என்று புத்தியுள்ள மனிதர்கள் யோசிப்பார்கள். மாமியின் யோசனை அந்தப் பக்கம் போனதேயில்லை. தூரத்தை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. தூரத்தை எதிலும் கடக்கலாம், வழியில் நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை. தெரு திரும்புகிற கடைசி முடக்கிலிருந்து கேற்றடி வரைக்கும்தான் கார் வேண்டும். அந்த முடக்கு வரைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார். இறங்கி, சேலைச் சுருக்கத்தை நீவி, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்து, பிறகு கார் தேடுவார்.

கண்ட காரும் சரிவராது. 'டாக்சி' என்று பலகை வைத்த கார் கூடாது, மீற்றர் இருக்கிற கார் கூடாது. ட்றைவர் வெற்றிலை போடாதவனாக, சேர்ட்டுக்குள் பெனியன் போட்டவனாக இருக்கவேண்டும். எல்லாம் பொருந்திய கார் கிடைக்கும்வரை மாமி வெயிலில் நிற்பார். நடந்தால் அதற்குள் மூன்று தடவை போய் வந்துவிடலாம்.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். மாமி பொய் சொல்லமாட்டார். சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் அவர். பிடித்த கார் தன்னுடையது என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கேற்றடியில் இறங்கியதும், விறாந்தையில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, "தம்பி, காரை நிழலில விடு. சீற் சுடும்" என்பார். அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் நினைப்பதற்கு மாமி எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வது?

ஒருதரம் நானும் மாமியும் பம்பலப்பிட்டிக்குப் போகிற பஸ்ஸில் இருக்க, நாங்கள் பார்க்கப் போகிற அதே சொந்தக்கார அக்கா கையில் மரக்கறிப் பையோடு முன்கதவால் ஏறினா. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு தரிப்புக்கு முன்பே என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். பிறகு ஒரு கார் பிடித்து, மூச்சு வாங்க, அந்த வீட்டுக் கேற்றடியில் போய் இறங்கினோம். அக்கா அப்போதுதான் பையை வைத்துவிட்டு வந்து நிற்கிறா.

"இப்ப பஸ்ஸில உங்களைப்போல ஒரு ஆளைக் கண்டனான் மாமி!"

"கொழும்பில எத்தின சனம் பிள்ளை," என்றார் மாமி. அதுவும் பொய்யில்லைதான்.

மாமிக்கு இந்தக் கார் வருத்தம் எப்போது பிடித்தது என்று மாமாவிடம் ஒருநாள் கேட்டேன். நேவி யாட் காலத்தில், ஒரு மாரிநாள், வேலை முடிந்து மாமாவை ஒரு வெள்ளைக்காரத் துரை தன் காரில் கொண்டுவந்து வீட்டடியில் இறக்கிவிட்டானாம். மழையையும் பொருட்படுத்தாமல் ஒழுங்கைச் சனம் முழுக்க வெளியே வந்து பார்த்ததாம். துரை அதன்பின் வரவில்லை, கொஞ்ச நாளில் கப்பலேறியும் போய்விட்டான். ஆனால் மாமி அடுத்த மாதமே வீட்டுப் படலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கார் நுழையக்கூடிய இரட்டைக் கதவுக் கேற் ஒன்றைப் போடுவித்தார். அதற்குள்ளால் ஆடுகளைத் தவிர வேறொன்றும் நுழைந்ததில்லை. மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது ஒரு கதவை மட்டும் அரைவாசி திறந்தால் போதுமாயிருந்தது.

அந்தக் கேற்றுக்குள் ஒரு கார் நுழைந்த கதைக்கு வருகிறேன்.

மாமிக்கு ஒரே பிள்ளை றெஜினா. எனக்கு மச்சாள், அதைவிடச் சிநேகிதி. நான் துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ற், அவள் கச்சேரிக் கந்தோரில் கிளாக். அவளுக்குப் பேசிவந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. ஒருவருக்கு நிறம் போதாது, ஒருவருக்குக் காணி போதாது, ஒருவர் எதுவும் சொல்லாமலே வேறிடத்தில் கட்டிக்கொண்டார். றெஜினா முப்பதை நெருங்கிவிட்டாள். இதுவும் தவறினால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று மாமி நம்பினார். றெஜினாவும் அப்படித்தான் நம்பினாள். அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அப்போதுதான் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. தகப்பனார் பெரிய பதவியில் இருந்து பென்சன் எடுத்தவர், நல்ல கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்குக் கம்பி அடிக்காத முன்விறாந்தை, அதுவும் றோட்டைப் பார்த்தபடி. இந்தமுறை காரைப் பற்றி மாமி மாமாவிடம் கேட்கவேயில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க மாமியும் மாமாவும் நானும் போனோம். "எனக்காக ஆளை வடிவாப் பாத்துக்கொண்டு வா மச்சாள்," என்று றெஜினா என் கையைப் பிடித்துச் சொல்லியனுப்பினாள். கிண்ணியாவிலிருந்து எடுப்பித்த எருமைத் தயிர் முட்டி ஒன்று ரயில் முழுக்க என் மடியில் இருந்தது. அது இல்லாமல் திருகோணமலையார் கொழும்பில் ஒரு வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள். காலையில் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனில் முகம் கழுவி, பஸ்ஸேறி, அந்த ஒழுங்கை முடக்கில் இறங்கினோம். பலகையில்லாத சாம்பல் நிற ஓஸ்ரின் கார் ஒன்று மரத்தடியில் நின்றது. பளபளவென்று துடைத்திருந்தது. மாமியின் முகம் மலர்ந்தது. ட்றைவர் என் கையிலிருந்த முட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கிண்ணியாத் தயிரோ?"

ஆள் கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி. பெயர் ஹனீபா. பெஞ்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கொழும்பில் கார் ஓடுகிறார். மாமிக்கு இரட்டிப்புச் சந்தோஷம். சொந்த ட்றைவர் என்றால் சொந்த ஊர் ஆளாகத்தானே இருக்கவேண்டும்! ஆனால் போகவேண்டிய வீட்டைச் சொன்னதும் ஹனீபாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வீட்டுக்கோ? அது கிட்டத்தான் அம்மா. நடந்தே போகலாம்."

"கிட்ட எண்டதாலதான் தம்பி கார்."

"நான் வேற கார் ஒண்டு பிடிச்சுத் தாறன்."

கூலியைக் கூட்டிக் கேட்கிறான் என்று மாமி நினைத்தார். கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்லி ஏறியிருந்துவிட்டார். ஹனீபா அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

தகப்பனார் விறாந்தையில் நின்றார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி. எங்களை அவர் பார்க்கவேயில்லை, காரைத்தான் பார்த்தார். இவ்வளவு நேரம் கண்வெட்டாமல் யாரும் மாமியின் காரைப் பார்த்ததில்லை. மாமி மெதுவாக இறங்கி, வழமையைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்: "தம்பி, காரை நிழலில விடு. சீற் சுடும்."

"உங்கட காரோ?" என்று கேட்டார் தகப்பனார்.

அத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை மாமியிடம் யாரும் நேரே கேட்டதில்லை. மாமி மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். நான் தயிர் முட்டியைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார் மாமி.

தகப்பனார் படியிறங்கி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பொனற்றில் தட்டினார், ரயரைக் காலால் உதைத்தார், கதவைத் திறந்து மூடினார். ஹனீபா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல கார்," என்றார் தகப்பனார்.

உள்ளே கேக்கும் தேத்தண்ணியும் தந்தார்கள். மாப்பிள்ளை எனக்குப் பிடித்த மாதிரித்தான் இருந்தார். அமைதியான முகம், மரியாதையான பேச்சு. காரை ஒருதரமும் தகப்பனின் முகத்தை ஒருதரமும் பார்த்தார், பிறகு கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தகப்பனார் தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் சீதனம் எண்டு வாய்திறந்து கேக்கிற ஆக்கள் இல்ல."

இப்படித் தொடங்குகிறவர்கள் வாயை மூட நேரமெடுக்கும். திருகோணமலை வீடு, நிலாவெளித் தென்னங்காணி என்று வரிசையாக வந்தது. கடைசியில் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தக் காரையும் பிள்ளையளுக்குத் தந்தீங்கள் எண்டால், கொழும்பில ஓடித் திரிய வசதியா இருக்கும்."

"பாப்பம்," என்றார் மாமி.

திரும்பும்போது, முடக்கைத் தாண்டியதும் ஹனீபா காரை ஓரமாக நிறுத்தினார்.

"அம்மா, என்னை மன்னிக்க வேணும். இது அவர்ட கார்."

எங்களுக்கு விளங்க நேரமெடுத்தது. காரை வாங்கி ஹயருக்கு விட்டிருப்பவர் அந்தத் தகப்பனார்தான். பென்சன் எடுத்த பெரிய மனிதர் ஹயர் கார் விட்டுப் பிழைக்கிறார் என்று தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று ஒரு குருவிக்கும் சொல்லவில்லையாம். பின்னேரங்களில் ஹனீபா பின்கதவால் போய் அன்றைய உழைப்பைக் கையில் கொடுத்துவிட்டு வருவாராம்.

"அப்ப," என்றார் மாமா, "அந்த மனிசன் தன்ட காரைத் தனக்கே சீதனமாக் கேட்டிருக்கு."

மாமா ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. மாமி சிரிக்கவில்லை. ஸ்டேஷன் வாங்கில் இருந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

"ஒரே ஒரு சொல்லுத்தானே சொன்னனான். என்ட பிள்ளையின்ட வாழ்க்கையில மண்ணைப் போட்டிட்டன்."

அந்த மனிதர் நினைத்தால் கொழும்பு முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். சொல்லாமலிருக்க வேண்டுமென்றால் கேட்டதெல்லாம் கொடுக்கவேண்டும். காணியை எழுதிக்கொடுக்கலாம், இல்லாத காரை எங்கே போய் எடுப்பது? அந்தச் சனிக்கிழமை மாமி பாவசங்கீர்த்தனத் தொட்டியடியில் முழந்தாளில் இருந்து எழும்ப நெடுநேரமாயிற்று. பின்னால் வரிசையில் நின்ற சனம் முணுமுணுத்தது.

றெஜினாவிடம் நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "ஆள் எப்பிடி மச்சாள்?" என்று கேட்டாள்.

"நல்ல பொடியன். ஆனா தேப்பன்ட முகத்தைப் பாத்துத்தான் மூச்சு விடுறான்."

"குடிகாரன் இல்லத்தானே?"

"இல்ல."

"காணும் மச்சாள், அது போதும்," என்றாள் றெஜினா.

ஒரு மாதத்துக்குள் அவர்கள் பெண்வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மெயில் ரயிலில் வருகிறவர்களைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போக மாமா சேர்ட் மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ரயிலில் வரவில்லை. ஒழுங்கை முடக்கில் கார்ச் சத்தம் கேட்டது. சாம்பல் நிற ஓஸ்ரின், கந்தளாய்ப் புழுதி முழுக்கப் பூசிக்கொண்டு, எங்கள் கேற்றடியில் வந்து நின்றது. ஒழுங்கைச் சனம் வேலிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. தகப்பனார் இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, ஆட்கள் போதுமென்று கண்டபிறகு உரக்கச் சொன்னார்:

"உங்கட காரிலதான் வந்தனாங்கள்! உங்கட ட்றைவர் நல்ல கவனமா ஓட்டினவன்!"

மாமியின் முகத்தில் இரத்தமில்லை. 'ஐயோ, அது என்ட கார் இல்ல' என்று மாமி காலில் விழவேண்டும், அல்லது கேட்பதற்கெல்லாம் தலையாட்டவேண்டும். அதற்காகத்தான் அந்த மனிதர் அத்தனை மைல் பெற்றோல் எரித்துக்கொண்டு வந்திருந்தார். மாமி ஜன்னலில் நின்ற றெஜினாவைப் பார்த்தார். வேலிக்கு மேலாலிருந்த தலைகளைப் பார்த்தார். பிறகு போய், அத்தனை வருஷம் சும்மா கிடந்த இரட்டைக் கதவு இரண்டையும் அகலத் திறந்தார். ஒரு கீல் அழுதது.

"ஹனீபா, காரை உள்ளுக்கு விடு தம்பி."

கார் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது.

நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டு, சம்பந்தம் பேசி, அவர்கள் இரவு தங்கினார்கள். தகப்பனார் வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் பயணத்துக்கு வெளிக்கிட்டு நின்று, "ஹனீபா, காரை எடு" என்றார்.

"கார் நிக்கட்டும்," என்றார் மாமி.

"என்ன?"

"இவ்வளவு நாளும் கொழும்பில நிண்டது. இனி இஞ்ச நிக்கட்டும். கலியாண வேலைக்கு ஓட வேணும். உங்களுக்கு இவர் ரயில் ரிக்கற் எடுத்துத் தருவார்."

தகப்பனார் வாயைத் திறந்தார். வேலிக்கு அங்கால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றா. அவர் வாயை மூடினார். இது என் கார் என்று சொன்னால், அப்படியென்றால் அன்றைக்கு மாமி அதில் எப்படி வந்தார் என்ற அடுத்த கேள்விக்கு ஹயர் என்று பதில் சொல்லவேண்டும். பொலிசுக்குப் போனாலும் அதுதான்.

"உங்கட கார்தானே எண்டு நீங்கள்தானே நேற்றுச் சொன்னீங்கள்," என்றார் மாமி பணிவாக. இந்தமுறை பொய் அவருடையது, மாமியுடையதல்ல.

"நான் ஆர்ட ஆள் எண்டு எனக்கே இப்ப விளங்கேல்ல அம்மா," என்று ஹனீபா குசினி வாசலில் வந்து நின்று என்னிடமும் மாமியிடமும் மெதுவாகச் சொன்னார்.

"நீ எங்கட ஊர் ஆள். சாப்பிடு," என்றார் மாமி.

ஸ்டேஷனுக்கு மாமாவும் நானும் போய் வழியனுப்பினோம். ரயில் புறப்படும்போது தகப்பனார் ஜன்னலால் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "காரை எப்ப அனுப்புறீங்கள்?"

வாழ்நாள் முழுக்க 'உன்ட விருப்பம்' என்றே காலம் கழித்த மாமா, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"கலியாணத்தோட."

ஹயருக்கு ஓடாமல் கார் நின்ற ஒவ்வொரு நாளும் அந்த மனிதரை அரித்திருக்கவேண்டும். நாளைத் தள்ளிப் போடுவோம் என்றோ, நிலாவெளிக் காணி என்றோ பிறகு ஒரு பேச்சும் வரவில்லை. கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க வேண்டிய மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போனால் சரி என்றிருந்தார். அந்தக் காலம் முழுக்க மாமி காரில்தான் திரிந்தார். தெரிந்த சனத்துக்கு முன்னால் கார் எதற்கு என்ற சட்டம் அன்றே செத்துப்போனது. கோயில் வாசல் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அதற்கும் கார். உவர்மலையில் தன்னை எப்போதோ சரியாக வரவேற்காத வீடுகளுக்கெல்லாம் கார். அங்கே போய் இறங்கக்கூட இல்லை, உள்ளே இருந்தபடியே சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். ஹனீபா வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாத் துறையில் தோணியேறி வீட்டுக்குப் போய்வந்தார். கலியாணம் முடித்த புதிதில்கூட இவ்வளவு நாள் ஊரில் நின்றதில்லை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கலியாணம் நன்றாக நடந்தது. பொம்பிளை மாப்பிள்ளை அந்தக் காரில் பூமாலை சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். ஒரே மகளுக்குக் காரும் கொடுத்துக் கட்டிவைத்தவ என்று துறைமுகத்துக் கரை முழுக்க மாமியின் பெயர் அடிபட்டது. மாமி மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. பல வருஷத்துக்குப் பிறகு மாமியின் செத்தவீட்டில்கூட இரண்டு கிழவிகள் அந்தக் காரைச் சொல்லித்தான் ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் செத்தவீட்டுக்குக் கொழும்பிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள். அவருடைய சட்டப்படி அது சரிதான்.

ஆனால் எனக்கு மாமி என்றால் நினைவுக்கு வருவது கலியாணம் முடிந்த அடுத்த வருஷத்து ஒரு பின்னேரம். றெஜினா கொழும்புக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய், முதல் பிள்ளைக்கு மாதமாயிருந்தாள். மாமியும் நானும் தயிர் முட்டியோடு பார்க்கப் போனோம். வெள்ளவத்தை முடக்கில் பஸ்ஸால் இறங்கியதும் நான் நடக்கத் தொடங்கினேன். சொந்த மகளின் வீடுதானே! திரும்பிப் பார்த்தால் மாமி மரத்தடியில் சேலையை நீவிக்கொண்டு நிற்கிறார். அதே சாம்பல் நிற ஓஸ்ரின். ஹனீபா கதவைத் திறந்துவிட்டார். மாமி மடியிலிருந்து காசை எண்ணி எடுத்து அவர் கையில் வைத்தார். ஹனீபா தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். தன் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்த காருக்கு மாமி வாடகை கொடுத்தார்!

நானும் திரும்பிப் போய் ஏறினேன். கார் கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும். ஒழுங்கையில் முன்னால் ஒருத்தி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையில் கைப்பையும் மறுகையில் பாண் பார்சலுமாக நடந்துபோனாள். கந்தோர் விட்டு வந்த றெஜினா. எங்களுக்கு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். மாமி காரை நிறுத்தச் சொன்னார்.

"ஏறு பிள்ளை."

றெஜினா எங்களைக் கண்டு சிரித்தாள். முகம் வியர்த்து வீங்கியிருந்தது.

"ஏலாது அம்மா. ஹயர் ஓட்டத்தில இருக்கிற காரில வீட்டாக்கள் ஏறினால் மாமாவுக்குப் பிடிக்காது. இவரும் பஸ்ஸிலதான் போறவர்." மாமா என்று அவள் சொன்னது மாப்பிள்ளையின் தகப்பனாரை.

"உன்ட கார் பிள்ளை அது!"

மாமி கொஞ்சநேரம் மகளின் காலைப் பார்த்தார். கால் இரண்டும் செருப்புக்கு வெளியே பொங்கியிருந்தன. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"சரி, நீ ஆறுதலா நடந்து வா," என்றார் மாமி. "நானும் நடந்து வந்தால் உன்னை அந்த வீட்டில ஒரு நாயும் மதியாது. உன்ட தாய் காரில வந்தவ எண்டு அந்த மனிசன் காண வேணும்."

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். கார் எங்களைத் தாண்டிப் போனது. அன்றைக்கு மாமியின் மேல் எனக்கு வந்த கோபம் இப்போதும் முழுதாகப் போகவில்லை. ஆனால் கார் ஜன்னலுக்குள், நிமிர்ந்து இருப்பதற்கு அவர் பட்ட பாடு பின்னாலிருந்தே தெரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒழுங்கையின் முடிவில் தகப்பனார் விறாந்தையிலிருந்து எழும்பி வருவது தெரிந்தது. மாமியின் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

"தம்பி, காரை நிழலில விடு!"

"நல்ல கார்," என்றார் தகப்பனார்.

றெஜினா நின்று மூச்சு வாங்கினாள். நான் பாண் பார்சலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அம்மா காசு குடுத்தவவோ?"

"ஓம்."

"அது இண்டைக்குப் பின்னேரம் மாமாட கைக்கு வரும்," என்றாள் றெஜினா. "நாளைக்குக் காலம அதுக்குள்ளயிருந்துதான் எனக்குப் பஸ்ஸுக்குக் காசு எடுத்துத் தருவார்."